செங்குத்து

கோல் கம்பத்துக்குப் பின்னால்
தண்ணீர்த் தொட்டி மேடையில் என் முக்காலி.
ஒரு கால் குட்டை.
மைலோ டின் மூடியை முட்டுக் கொடுத்திருக்கிறேன்.
பத்து உபானில் கடற்காற்று எழும்போதெல்லாம்
பாலத்தின் ஒரு துண்டு
ஆட்டத்துக்குள் தள்ளாடி வந்துவிட்டுப் போகும்.

வட மண்டலக் கல்லூரிகள், மகளிர் ஹாக்கி, நேரலை.
பார்ப்பவர்கள்: இரண்டு.
ஒன்று,
படம் போகிறதா என்று சோதிக்க
பையில் திறந்து வைத்திருக்கும் என் இன்னொரு கைப்பேசி.
மற்றது யாரென்று தெரியாது.
அந்த ஒருவரை நம்பித்தான்
போன வாரம் மழையில்
நாசி லெமாக் வாங்கிய பையைக் கிழித்து
லென்ஸுக்குக் குடை கட்டினேன்.

வர்ணனை ஹோக் செங்.
பள்ளிவாசலில் அஸார் அழைப்பு ஒலித்தால்
அவன் வாய் மூடிக்கொள்ளும்,
ஒலிவாங்கி மூடாது.
தொழுகைக்கான அழைப்பிலேயே
ஒரு பெனால்டி கார்னர் பதிவாகியிருக்கிறது.

லீக் அலுவலகத்தின் என்சிக் ரஸ்லான்
புலனத்தில் எழுதினார்:
முடிந்த பத்தாவது நிமிடம் எனக்கு வேண்டும்.
முப்பது வினாடி. செங்குத்தாக.
யாரும் கைப்பேசியைப் படுக்க வைத்துப் பார்ப்பதில்லை, அடெக்.

மைதானமோ படுத்தே பிறந்தது.
ஐம்பத்தைந்து மீட்டர் அகலத்தை
நிமிர்த்தி நிற்க வைக்கணும் என்றால்
இரண்டு விலாவையும் அறுக்கணும்.
அறுத்தேன்.

அன்று முடிய ஒன்றரை நிமிடம்.
ஐனா அடித்தாள்.
பலகையில் பந்து மோதிய அதிர்ச்சியில்
என் மைலோ மூடியே நழுவி விழுந்தது.

காலையில் நான் பசியாறி முடிப்பதற்குள் நாற்பதாயிரம்.
மதியம் இரண்டு லட்சம்.
ஒரு பற்பசைக் கம்பெனி இதயம் போட்டது.
முழு ஆட்டம், எண்பத்து நான்கு நிமிடம்:
பத்தொன்பது பேர்.

கேன்டீனில் லோகதர்ஷினி எதிரே வந்து உட்கார்ந்தாள்.
ரைட் விங். எண் பதினேழு.
தே ஓ ஐஸை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்,
"அதுல நான் இருக்கேனா?"

இல்லை.
அவள் ஓடியது நான் அறுத்த விலாவில்.
மட்டையைத் தரையில் தட்டி, பந்து கேட்டுக் கத்தி,
இரண்டு டிஃபெண்டர்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு
கோட்டோரமாக ஓடினாள்.
நடுவில் கதவு திறந்தது.
ஐனா உள்ளே போனாள்.
"பந்து எனக்கு வராதுன்னு
எனக்கும் ஐனாவுக்கும் மட்டும்தான் தெரியும்.
அந்த ரெண்டு பேருக்குத் தெரியலை பாத்தியா!"

காணொளியை நான்கு முறை பார்த்தாள்.
ஐந்தாவது முறை விரலை வைத்து நிறுத்தினாள்.
"தோ."
மேற்கே மலைக்கு மேல் மிச்சமிருந்த வெயில்
அவளைப் படத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு
அவள் நிழலை மட்டும் உள்ளே தள்ளியிருந்தது.
இடது மூலை, மூன்று வினாடி.
புல்மேல் நீளமாக ஒருத்தி, கையில் மட்டை.
அவளைத் துரத்தி இன்னும் இரண்டு நிழல்.
"ஃபில்டர்கூட வேணாம் போலிருக்கே" என்றாள்.

பகிர்ந்துகொண்டாள்.
மேலே ஒரே வரி: நிழல், நான்.
பதினொரு இதயம்.
"பதினொண்ணு போதும், ஒரு டீம் இறக்கலாம்."
ஐஸைக் கடித்துக்கொண்டே எழுந்து போனாள்.

அன்றிரவு முழு ஆட்டத்தின் கணக்கைத் திறந்தேன்.
பார்வைக் கோடு
தொடக்கத்தில் மலையிறங்கி, பிறகு தரையோடு தரையாக
எண்பத்தோராம் நிமிடம் வரை.
அங்கே மட்டும் ஒரு மேடு.
யாரோ திரும்பத் திரும்ப அங்கே போயிருக்கிறார்கள்.
அதில் ஆறு முறை நான்.
மிச்சம்?

இந்தச் சனிக்கிழமை கங்கார் அணி வந்தது.
பார்ப்பவர்கள்: மூன்று.
முக்காலியை இரண்டடி பின்னால் இழுத்தேன்.
கோடுகள் நான்கும் உள்ளே வந்தன.
பாலமும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

ஆட்கள் சின்னதாகத் தெரிகிறார்களே அடெக்,
என்று செய்தி.
பதில் எழுதவில்லை.
குனிந்து
மைலோ மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.