காம்பு

பகல் முழுக்கப் பாலை அளப்பது என் வேலை.
பட்பர்கஞ்ச் பக்கம் ஒரு பால் நிலையம்.
குழாய்களை வரிசையில் நிறுத்தி
கொழுப்பு இவ்வளவு, கலந்த நீர் இவ்வளவு,
யூரியா இல்லை
என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
பதினோரு வருடம்.
அதில் கடைசி மூன்று வருடம்
வீட்டுக்குப் பால் வாங்குவதில்லை.

ஏனென்று கேட்டான் உடன் வேலை பார்க்கும் தீரஜ்.
வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.
முழுப் பொய்யும் இல்லை.
காஜிப்பூர்த் தொழுவங்களில் மாதிரி எடுக்கப் போன காலை
ஓர் எருமை
தோல்கன்றை நக்கிக்கொண்டிருந்தது.
வைக்கோல் பிதுங்கிய வயிறு,
கண் இருந்த இடத்தில் தையல்.
கறக்கிறவன் கை நிற்கவேயில்லை.
நானும் போத்தலை நீட்டிப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

ஆனால் மோர் ஊற்றாமல் சோறு முடியாது எனக்கு.
அதனால் நிலக்கடலை.
இரவு ஊறவைத்து, காலையில் தோல் நீக்கி,
அரைத்து, மல் துணியில் பிழிந்து,
காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும்
பச்சை மிளகாய்க் காம்பு ஏழு.
காம்பில்தான் உறை இருக்கிறது,
கண்ணுக்குத் தெரியாமல் குந்திக்கொண்டு.

முதல் தடவை பசை.
இரண்டாம் தடவை பசைகூட இல்லை,
பச்சைக் கடலை வாடையடிக்கும் தண்ணீர்.
தில்லி ஜனவரியில்
உறைவதெல்லாம் என் கால்விரல்கள்தான்.
மூன்றாம் முறை பாத்திரத்தைச் சால்வையில் சுற்றி
ரஜாய்க்குள் வைத்து
பக்கத்தில் புரளாமல் படுத்தேன்.
விடிந்து திறந்தால்
லேசான பழுப்பில், வெட்டினால் நிற்கிற தயிர்.
சமையலறையில் ஒற்றை ஆளாகக் கைதட்டினேன்.

பழக்கதோஷம்,
ஒருநாள் கடலைப்பாலில் லாக்டோமீட்டரைப் போட்டேன்.
ஏதோ ஒரு கோட்டில் நின்று ஆடியது.
அந்த எண்ணுக்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

சனிக்கிழமை இரவு கதவைத் தட்டினாள்
எதிர்வீட்டு பல்விந்தர்,
கையில் எவர்சில்வர் கிண்ணம்.
நாளைக்கு நாத்தனார் வருகிறாளாம்,
கொஞ்சம் ஜாமன் இருக்கிறதா?
உறை கேட்டு வந்தவளை
வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை.
ஒரு கரண்டி கொடுத்தேன்.
இது எதன் தயிர் என்று சொல்ல வாயெடுப்பதற்குள்
அவள் வீட்டுக் குக்கர் கூப்பிட்டுவிட்டது.

என் கடலைத்தயிர் போய்
இரண்டு லிட்டர் எருமைப்பாலை
இரவோடிரவாக உறையவைத்திருக்கிறது.
சிரிப்பதா என்று தெரியவில்லை.
என் காரணங்கள் எதுவும்
தயிருக்குத் தெரியாது.

கிண்ணம் திரும்பி வந்தது, காலியாக அல்ல:
இரண்டு சிவப்புக் கேரட், இலையோடு ஒரு முள்ளங்கி.
கல் மாதிரி உறைந்தது, எங்கே வாங்குகிறாய் பால்?
காம்பிலிருந்துதான் என்றேன் தமிழில், எனக்குள்.
இந்தியில் அந்த வேடிக்கை செல்லாது.
பிறகு மிளகாயை எடுத்துக் காட்டினேன்.

அன்று நான் அடுப்பே மூட்டவில்லை.
கேரட்டைத் துருவினேன், கை சிவந்தது.
முள்ளங்கியை வட்டமாக,
அதன் இலையைப் பொடிப்பொடியாக.
பச்சைப் பட்டாணி உரித்ததில் பாதி வாய்க்கு, பாதி கிண்ணத்துக்கு.
பிழிந்து மிஞ்சிய சக்கையை நேற்றே வறுத்து வைத்திருந்தேன்,
அதைத் தூவி
கறுப்பு உப்பு, எலுமிச்சை, இரண்டு கரண்டி தயிர்.
கிளறும்போது எல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது,
நான் திட்டமிட்டதில்லை.

பல்விந்தர் நின்றபடியே தின்றாள்.
முதல் வாய்க்கு முகம் சுளித்தாள்.
நான்காவது வாய்க்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
நெய்யில் சீரகம் தாளித்தால்
இன்னும் நன்றாயிருக்கும் என்றாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
எலுமிச்சையின் மறுபாதியை
அவள் தட்டில் பிழிந்தேன்.

வியாழக்கிழமை மறுபடி கதவு.
வெளியே எதிர்ச்சுவரே தெரியாத பனிமூட்டம்.
ஊறுகாய்க்கு மிளகாய் ஆய்ந்தாளாம்.
உள்ளங்கையைத் திறந்தாள்.
குப்பையில் போடப் போனேன்,
உனக்கு வேண்டியிருக்குமோ?

எண்ணிப் பார்த்தேன்.
எட்டு.
ஒன்று கூடுதல்.