எட்டுச் சுற்றுக்கு ஒன்று

விண்ட்சரில் அமெரிக்கா வடக்கே இருக்கிறது.
ஜன்னலைத் திறந்தால் ஆற்றுக்கு அப்பால்
டெட்ராய்ட் தன் விளக்குகளைத்
தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொண்டிருக்கும்.
நான் ஜன்னலைத் திறப்பதில்லை. பெப்ரவரி.

மேசையில் மடிக்கணினி, ஆறிய தேநீர்,
ஆறு நிமிடம் பன்னிரண்டு நொடி நீளத்தில் ஒரு பொய்.
பொய் என்றுதான் சொன்னான் பிரணவரூபன்:
"முதல் நிமிஷத்திலயே எல்லாத்தையும் கொட்டிப்போட்டாய்.
பிறகு எதுக்கு நான் நிக்கிறன்?"

இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் எடுக்கத் தொடங்கினேன்.

கைதட்டலை எடுத்தேன்.
ஹை-ஹேட்டை எடுத்தேன்.
பாஸை எடுக்கையில் கை கூசியது,
இரண்டு வாரம் இழைத்த பாஸ் அது.
மிஞ்சியது ஒரு கிக்,
நிமிடத்துக்கு நூற்று இருபத்தாறு,
ஒன்றும் சொல்லாமல் நடந்துபோகிற
ஒருத்தியின் குதிகால்.

பிறகு எட்டுச் சுற்றுக்கு ஒன்று.
ஒன்றுக்கு மேல் கிடையாது.
எட்டுச் சுற்று என்றால் பதினைந்து நொடி;
அதற்குள் ஓர் ஆள் ஜாக்கெட்டைக் கழற்றிப்
பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடலாம்.
முதலில் மணல் சலிப்பதுபோல் ஓர் ஒலி:
காதுக்குத் தெரியாது, முழங்காலுக்குத் தெரியும்.
பிறகு ஃபில்டர், மயிரிழை மயிரிழையாய்.
உள்ளே கொதிக்கும் பருப்பு
மூடியைத் தூக்கப் பார்க்கும்.
விடக்கூடாது.

நாலாவது நிமிடத்தில் கிக்கையே பிடுங்கிவிட்டேன்.
இப்போது கீழே தரை இல்லை.
ஸ்னேர் இரண்டாக, நாலாக, எட்டாகப் பிளக்க
மேலே மேலே ஏறும் ஓர் இரைச்சல்,
அதன் நுனியில்
ஓர் அடி அளவு வெறுமை.
அங்கே எதையும் வைக்காமலிருக்க
எனக்கு நாலு இரவு பிடித்தது.

சோதனை எப்போதும் வண்டியில்தான்.
அவனுடைய பழைய கொரோலா,
பின்கதவு ஸ்பீக்கருக்குப் பல் கிடுகிடுக்கும்.
வாக்கர் ரோட்டில் போகிறோம்.
அவன் வாய் திறக்கவில்லை.
ஸ்டியரிங்கில் ஒரு விரல், பிறகு மணிக்கட்டு,
பிறகு தோள்.
கிக் போனது. மூச்சை உள்ளே இழுத்தான்.
ஸ்னேர் பிளந்தது.

தண்டவாளக் கதவு இறங்கியது.
சரக்கு ரயில்.
மணி, சிவப்பு, ஹாரன், இரும்பு,
நூற்றுச் சொச்சம் பெட்டி.
நாலு இரவு நான் காத்த வெறுமைக்குள்
கோதுமை வேகன்கள் போய்க்கொண்டிருந்தன.

"வந்திட்டுதா?" என்று கத்தினான்.
"வந்து, போயும் போச்சு."

கடைசிப் பெட்டிக்குப் பின்னால்
யாரும் எதிர்பாராத ஓர் அமைதி.
கதவு உடனே எழவில்லை.
இதோ எழும் என்று எல்லா வண்டிகளும்
ஒருசேர உறுமிவிட்டு
அப்படியே நின்றன.
எதிர்ப்பக்கம் பஸ் டிரைவர்
கையுறையைப் பாதி மாட்டியபடி.

பிரணவரூபன் என்னைப் பார்த்தான்.
"இவ்வளவு விடு. ஓர் அடி காணாது."

அன்றிரவு அதை நாலு அடியாக்கினேன்.
பிறகு, பயந்து, மூன்று.