ரிலே

நான் குளிர்பெட்டி பழுது பார்க்கிறவன்.
மரக்காய்போவில், ஏரியின் மேற்குக் கரையில்,
இருபத்தாறு வருடமாக.
என்னிடம் அரசியல் கேட்காதீர்கள்,
கதவைத் திறந்து காட்டுங்கள், போதும்.
நாக்கு ஒன்று சொல்லும், உள்தட்டு வேறொன்று சொல்லும்.
ஒரு காலத்தில் மாட்டுத்தொடை முட்டிக்கொண்டு
கதவே மூடாது.
அப்புறம் பாலாடைக்கட்டி.
அப்புறம் தண்ணீர் பாட்டில்கள், நிறைய,
பாதி எலுமிச்சை.
போன வாரம் ஒரு வீட்டில்
பாடப்புத்தகங்களை அடுக்கியிருந்தார்கள்.
எலி நுழையாத இடம் இது ஒன்றுதானாம்.

லிஹியா உர்தானெத்தா வீட்டில் மட்டும்
நான்கு இன்சுலின் குப்பிகள்,
ஈரத்துணி சுற்றி ஒரு மண்ஜாடிக்குள்.
பெட்டி மூச்சுவிட்டு இரண்டு நாளாகிறது.

நான் குப்புறப் படுத்துத் திருகாணியைக் கழற்ற,
தலைக்குமேல் தொடங்கினார்கள்.
மூத்தவன் எவுடோமார்,
கட்சியின் உணவுப்பெட்டி விநியோகிக்கிற குழுவில் இருக்கிறவன்:
“கழுத்தை நெரித்துக்கொண்டே
இவனுக்கு மூச்சுவிடத் தெரியாது என்கிறார்கள்.”
இளையவன் போனில், மியாமி பக்கத்திலிருந்து:
“நெரிக்கும் முன்பே நாறிவிட்டது அண்ணா.
எண்ணெய் விற்ற காசெல்லாம் எங்கே?
கப்பல் வரட்டும். ஒரே இரவு. முடிந்துவிடும்.”
“அம்மா வீட்டுக் கதவு எண் தெரிந்தா
வரும் உன் கப்பல்?”

பக்கத்து வீட்டு நெரெய்தா,
பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள்,
வாளியைக் கீழே வைத்தாள்:
“இது சோசலிசமே இல்லை.
அது இங்கே ஒரு வருடம் இருந்தது, எனக்குத் தெரியும்.
அந்த வருடம்தான் என் அம்மாவுக்குக் கண்புரை எடுத்தார்கள்,
ஒரு காசு வாங்காமல்.”
“அந்த டாக்டர் இப்போது லிமாவில்
பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிறார்”
என்றது போன்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டமாம்.
இங்கே ஊரும் இரண்டுபட்டது,
கூத்தாடியும் பட்டினி.

ரிலே எரிந்திருந்தது.
கட்டைவிரல் அளவு, கறுப்பாக.
அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
முதலில் அது அரசின் மலிவு டாலரில் வந்தது,
சீல் வைத்த பெட்டகத்தில்.
உடைத்துப் பார்த்தால் செங்கல்.
செங்கலுக்கு டாலர் வாங்கிய கர்னலின் மைத்துனன்
புரட்சி வாழ்க என்று சட்டையில் அச்சடித்திருந்தான்.
பிறகு தடை வந்தது.
பிறகு செங்கல்கூட வரவில்லை.
கதையை எந்த வருடத்திலிருந்து தொடங்குகிறீர்கள் என்று சொல்லுங்கள்,
நீங்கள் எந்தப் பக்கம் என்று நான் சொல்கிறேன்.

அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள்.
லிஹியா பேசவில்லை.
ஒரு குப்பியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்,
குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

என் வீட்டுப் பெட்டியிலிருந்து கழற்றிவந்து மாட்டினேன்.
நல்லவன் என்பதால் அல்ல.
என் பெட்டிக்குள் வைக்க எதுவும் இல்லை.
“மின்சாரம் வந்தால் ஓடும்” என்றேன்.
“எப்போது வரும்?”
“அது என் தொழில் இல்லையம்மா.”

கூலியாக எவுடோமார் ஒரு கிலோ பயறு அளந்தான்.
தம்பி சொல்லி யாரோ ஐந்து டாலர் கொண்டுவந்து தந்தார்கள்.
இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.
பயறில் வண்டு, சலித்தால் போகும்.
டாலரின் ஓரம் கிழிந்திருந்தது.
கிழிந்த டாலரை இங்கே எந்தக் கடையும் தொடாது.

இரவு எல்லோரும் மொட்டைமாடியில்.
ஏரிக்குத் தெற்கே வானம் வெள்ளையாய்ப் பிளந்தது,
மறுபடி, மறுபடி.
கத்ததும்போ மின்னல்.
இந்த ஊருக்குப் பெயர் வைக்கும் முன்பிருந்தே
வருடத்தில் பாதி இரவுகள்
கட்டணமில்லாமல் எரிவது.
மீனவர்கள் அதைப் பார்த்துத்தான் துடுப்புப் போடுவார்கள்.
இந்த மாதம்தான்
ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் தெருவே வாயை மூடுகிறது.
எவுடோமார்கூட.
போனில் தம்பிகூட.
விரல்விட்டு எண்ணுகிறோம்.
ஒன்று. இரண்டு. மூன்று.
பதினொன்றுவரை சத்தமில்லை.

மின்னல்தான், என்கிறாள் நெரெய்தா.

கீழே இருட்டில்
பெட்டி இன்னும் ஓடத் தொடங்கவில்லை.