நூல் அளவு பள்ளம்

எர்சுரூமில் எனக்கு முகங்கள் அதிகம் தெரியாது.
பெஹிஜே டாக்டர் மாடியிலிருந்து அனுப்பும் அச்சுகளில்
சுண்ண மாவைக் கரைத்து ஊற்றுகிறேன்.
அரைமணியில் ஒரு வாய் இறுகிவிடும்.
பெயர் சீட்டில் இருக்கும்.
மற்றதைப் பல்லே சொல்லும்.

இவர் கோதுமை வியாபாரி.
கடையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை உடைத்தே
முன்பல் விளிம்பில் ஒரு முக்கோணம் செதுக்கியிருக்கிறார்.
இவர் பஸ் டிரைவர்.
யாருடைய கல்யாணத்திலோ
சோடா மூடியைக் கடித்துத் திறந்த கைதட்டல்
கோரைப்பல்லில் இன்னும் விரிசலாக நிற்கிறது.
இந்தப் பையன் எலுமிச்சையை உப்பு தொட்டுச் சப்பிவிட்டு
கையோடு போய் பிரஷ் எடுத்திருக்கிறான், தினமும்.
புளிப்பில் ஊறிய பல்லைத் தேய்ப்பது
பூசிய ஈரம் காயாத சுவரைத்
துடைப்பத்தால் பெருக்குவது.
வாய் கொப்பளித்து அரைமணி பொறுத்திருக்கலாம்.
சுத்தக்காரன், பொறுக்கவில்லை.

ஜனவரியில், குழாய்கள் உறைந்த வாரம்,
ஒரு சீட்டு வந்தது:
ஷுகுஃபே, ஐம்பத்தொன்று, தையல்.

மேல் முன்பல்லில் சின்னதாக ஒரு பள்ளம்.
நாற்பதாம் நம்பர் நூலை எடுத்து அதில் வைத்தேன்.
அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது.

கடைவாயைப் பார்த்தேன்.
மேடு பள்ளம் எல்லாம் போய், திருகைக் கல்போல் தட்டை.
பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்பார்கள்.
இருந்திருக்கிறாள்.
என்ன கஷ்டம் என்பது அச்சில் விழாது.
எத்தனை ராத்திரி என்பது மட்டும் விழும்.

டாக்டர் பள்ளத்தை அடைத்தார்.
ஒன்பதாம் நாள் அடைப்பு தெறித்துவிட்டது.
மாடிப்படி இறங்கி அவளே வந்தாள்,
பல்லுக்கு அப்புறம் முகம் பார்த்தேன்.
"கை கத்தரியைத் தேடுவதற்குள்
வாய் வேலையை முடித்துவிடுகிறது" என்றாள்.
குற்றம் ஒப்புக்கொள்ளும் குரல் இல்லை அது,
துணி அளவு சொல்லும் குரல்.

அவள் கழுத்தில் அளவு நாடா தொங்கியது.
அதன் பக்கத்திலேயே
குட்டிக் கத்தரி ஒன்றைக் கறுப்பு ரிப்பனில் தொங்கவிடச் சொன்னேன்.
சர்க்கரைக் கட்டிக்குத்தான் பேரம் நீண்டது.
பல்லிடுக்கில் கட்டியை வைத்து
அதன் வழியே தேநீர் உறிஞ்சாதவள்
எர்சுரூம்காரியா என்று கேட்டாள்.
நாளுக்கு எட்டிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன்,
அதுவும் சாப்பாட்டோடு, பின்னால் ஒரு மடக்குத் தண்ணீர்.
மூன்று என்றாள். சரி, மூன்று.

ராத்திரிக்கு ஓர் உறை வார்த்துக் கொடுத்தேன்.
விளக்கில் பிடித்துப் பார்த்தாள்:
"துணி பல்லிளித்தால் நான் உள்ளே லைனிங் கொடுப்பேன்.
இதுவும் அதுதானே?"
அதுதான்.

பகலுக்கு அவளாகவே ஒன்று கண்டுபிடித்தாள்.
தையல் மெஷின் சக்கரத்தில், கண்ணாடியில், இஸ்திரிப் பெட்டிப் பிடியில்
சிவப்பு நூல் துண்டுகளை முடிந்து வைத்தாள்.
சிவப்பு கண்ணில் பட்டால்
உதடு மூடியிருக்கும்,
பற்கள் ஒன்றையொன்று தொடாது.

மார்ச்சில் வந்தபோது கணக்கு வைத்திருந்தாள்.
நூலைக் கடித்தது இந்த வாரம் நாலு தடவை,
போன வாரம் பதினொன்று.
உறையைத் திருப்பிப் பார்த்தேன்.
நன்றாகத் தேய்ந்திருந்தது.
தேய்ந்தது உறை.

சந்தோஷத்தில், பேச்சு சுவாரஸ்யத்தில்,
புது மாவுப் பாக்கெட்டை எடுத்து
ஓரத்தைக் கடித்துக் கிழித்தேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை கொஞ்ச நேரம்.
பிறகு கேட்டாள்:
"உங்கள் அச்சை யார் ஊற்றுவார்கள், துன்ஜாய்?"

கத்தரி மேஜையில்தான் இருந்தது,
கைக்கெட்டும் தூரத்தில்.
வாய் அதைவிடக் கிட்டே.