நான்காம் அடியில் என் சிரிப்பு

கடைவாய்ப் பல்லுக்கென்று நான் சேர்த்துவைத்த
முந்நூற்றுப் பத்து டாலரில்
அடகுக் கடையில் அந்த எந்திரத்தை வாங்கினான் டெலானோ.
பதினாறு ரப்பர்க் கட்டைகள்.
ஏழாவது அமுங்காது.
மீதிப் பதினைந்து போதும் லூரீன் என்றான்.
பல் இன்றும் இல்லை.
நாக்கு அங்கே போய்ப்போய்த் திரும்புகிறது.

கிளீவ்லண்ட், கின்ஸ்மன் சாலை, தொண்ணூற்று நான்கின் குளிர்.
ஜன்னல் இடுக்கில் செருகிய செய்தித்தாளை
முழுக்கப் படித்துவிட்டுத்தான்
ஏரிக்காற்று உள்ளே வரும்.
பகலில் அவனுக்கு டயர்க் கிடங்கு.
இரவில்,
டாலருக்கு நான்கு என்று அள்ளிவந்த
பழைய தேவாலய இசைத்தட்டுகளை
மீன் ஆய்வதுபோல் ஆய்வான்.
பாட்டு வேண்டாம். பாடியவளும் வேண்டாம்.
பாடுமுன் அவள் இழுத்த மூச்சு போதும்.
டிரம்காரன் குச்சியை மாற்றிப் பிடித்த சத்தம் போதும்.
செதிலும் குடலும் தரையெல்லாம் கிடக்க
விரலிடுக்கில் ஒரு முள் மின்னும்.

நான் சிரித்தது பிப்ரவரியில்.
ரேடியேட்டர் டொக்டொக்கென்று இருமிக்கொண்டிருந்தது.
மைக் திறந்திருந்தது எனக்குத் தெரியாது.
விடிந்தபோது
நான்காம் அடியில் உட்கார்ந்திருந்தேன்,
இரண்டு நொடி நீளத்தில்,
சுருதி இறக்கப்பட்டு,
என்னைவிட மூத்த யாரோ ஒருத்தியாக.
பின்னால் ரேடியேட்டரும்.
எவ்வளவோ முயன்றான்,
எங்கள் இருவரையும் பிரிக்க முடியவில்லை.

நானூறு டாலருக்கு விற்றான்.
அடிமாட்டு விலை என்று அப்போது யாருக்குத் தெரியும்?
ஜூலைக்குள்
தெருவில் போகிற கார் எல்லாம் நானாகச் சிரித்தது.
சலூனில் சிரித்தேன். சிவப்பு விளக்கில் சிரித்தேன்.
அம்மா செத்த இரவு
மருத்துவமனையின் வாகன நிறுத்தத்தில்
யாருடையதோ ஒரு ஹோண்டாவுக்குள்
ஜன்னல் அதிர அதிரச் சிரித்தேன்.

பிறகு நியூயார்க்.
பிறகு, பெயரில் ஓர் எழுத்து பிசகிய தங்கத்தட்டு.
ஆறு வருடம்
அவன் போட்ட தாளத்தில்தான் ஊர் நடந்தது.
நீச்சல் தெரியாதவன் குளம் வைத்த வீடு வாங்கினான்.
அந்த மூச்சுக்காரியின் பேரன்கள்
வக்கீலோடு வந்தார்கள்.
ஒரு மூச்சுக்கு எழுபதாயிரம்.
குளம் போனது. கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள்.
வேறு சத்தம் வந்துவிட்டது,
கணினியிலேயே பிறந்தது, தூசியே இல்லாதது.
மெத்தைக் கடை விளம்பரத்துக்கு மெட்டுப் போட்டான்.
இடது காதில் மேல்சுரங்கள் ஒவ்வொன்றாக
விளக்கணைத்துக்கொண்டன.

விவாகரத்துத் தாளில்
சோபா எனக்கு, நாய் எனக்கு,
ஒலிப்பதிவுகள் அனைத்தும் அவனுக்கு.
கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கும்போதுதான் உறைத்தது,
என் சிரிப்பையும் எழுதிக்கொடுத்துவிட்டேன்.

போன செவ்வாய் அழைத்தான்,
பதினொரு வருடம் கழித்து.
மார்செய் நகரத்தில் யாரோ ஒரு பத்தொன்பது வயசுப் பெண்
அந்த மெட்டை அறுத்து, தலைகீழாகத் திருப்பி,
தன் பாட்டுக்குள் வைத்திருக்கிறாளாம்.
அனுமதிப் படிவத்தில் கேட்கிறார்கள், குரல் யாருடையது?
இத்தனை நாள் என்ன போட்டிருந்தாய் என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பெயர் தெரியாத பெண், என்றான்.

என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
பல் இப்போது நாலாயிரத்து இருநூறு ஆகிறது,
அதையும் சொன்னேன்.
எழுதிக்கொள்கிற பென்சில் சத்தம் கேட்டது.

வைக்கப் போகும்போது கேட்டான்,
அன்றைக்கு எதற்கு அப்படிச் சிரித்தாய்?

நினைவில்லை என்றேன்.

நீ கண்ணை மூடி,
உதட்டைக் கடித்து,
தலையை ஆட்டிஆட்டி ரசித்துக்கொண்டிருந்தாய்.
ஹெட்போன் ஒயர்
எதிலும் செருகாமல்
உன் மடியில் கிடந்தது.

ரேடியேட்டருக்குத் தெரியும்.
அதன் பெயரையும் படிவத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கலாம்.