மீட்டர் வேண்டாம்

கருங்கல் பக்கம், பாலூரில்
ஒரு வீட்டு மீட்டர் பெட்டிக்கு நேர் கீழே
அது நின்றது.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
டார்ச் அடித்து எண்ணைக் குறிப்பேன்.
திரும்பும்போது தார்ப்பாயின் ஓரத்தைக்
கொஞ்சம் தூக்கிப் பார்ப்பேன்.
ஆறு வருஷம்.

யூனிட் குறைந்துகொண்டே வந்தது.
வீட்டுக்காரர் ஷார்ஜா போனபின்
வெறும் மோட்டார், வெளி விளக்கு,
பிறகு பூஜ்யம்.
காரில் மட்டும் ஒவ்வொரு ரீடிங்குக்கும்
ஏதோ கூடியது:
டயரில் வெடிப்பு,
இருக்கைக்கடியில் அணில் சேர்த்த தேங்காய் நார்,
கூரைத்துணியில் பாசி.

இரண்டே இருக்கை. மூக்குத் தாழ்ந்த சிவப்பு.
செய்த கம்பெனியே இன்று இல்லை.

போனில் அவர் மூன்று லட்சம் சொன்னார்.
நான் எண்பதாயிரம் என்றேன்.
"பிள்ளே, ஸ்போர்ட்ஸ் காராக்கும்."
"ஆறு வருஷமா அசையாத
ஸ்போர்ட்ஸ் காராக்கும்."
ஒன்றேகாலில் முடிந்தது.
பாதி, நகைச்சீட்டு.
மீதிக்கு அக்காவிடம் சொன்ன காரணம்
இன்னும் பொய்யாகவே இருக்கிறது.

பார்வதிபுரத்தில் சுயம்புலிங்கம்
பானெட்டைத் திறந்துவிட்டு
ரொம்ப நேரம் பேசவில்லை.
"எஞ்சின் பிரெஞ்சுக்காரன்.
பேசுவான், மெதுவாப் பேசுவான்."
டைமிங் பெல்ட், நாலு ஹோஸ், ரேடியேட்டர் மூடி.
கிளட்ச் கேபிள் எங்கேயும் கிடைக்காமல்
ஆம்னி கேபிளை வெட்டி
அரை அங்குலம் இழுத்துக் கட்டினான்,
தற்காலிகம் என்று.
அதுதான் இன்றைக்கும்.

உடம்பு ஃபைபர். டிங்கர் பட்டறைகள் தொட மறுத்தன.
குளச்சலுக்குக் கட்டி இழுத்துப் போனேன்.
பென்சிகர் வள்ளத்துக்கு ஒட்டுப் போடுகிறவர்.
மட்கார்டின் கீறலைக் கட்டைவிரலால் அளந்து
ரெசின் கலக்கிக்கொண்டே
"பாறையிலே அடிச்சதா?" என்றார். பழக்கம்.
காய்ந்ததும் தட்டிப் பார்த்தார்.
"இனி இது மிதக்கும். ஓடுமான்னு தெரியாது."
வெயிலில் நிறுத்தினால்
கதவோரம் லேசாய் மீன் வாடை.
எந்த ஷாம்பூவுக்கும் போகாது.

கூரை தைத்தது தக்கலை ஹமீம்,
ஆட்டோவுக்கு ஹூட் தைத்தே நரைத்தவர்.
மஞ்சளும் கறுப்பும்தான் இருக்கு என்றார்.
கறுப்பு என்றேன்.
ஓரம் மடித்து இரட்டைத் தையல் ஓட்டியபடி
தலை நிமிராமல் கேட்டார்:
"மீட்டர் வைக்கணுமா?"
வேண்டாம்.
நாளொன்றுக்கு நூற்றெண்பது பார்க்கிறேன்.

ஆடி முதல் ஞாயிறு, வெளிச்சம் வருமுன்
திறந்தபடி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் போனேன்.
காற்றாலைகளின் அடியில்
காற்று முதலில் எடுத்தது ஆர்.சி. நகலை.
எதிரே வந்த லாரியின் நெற்றியில்
அது ஒட்டிக்கொண்டு போனது.
நான் சத்தமாய்ச் சிரித்தது
எனக்கே கேட்கவில்லை.

திரும்பும் வழியில் சாரல்.
கூரையை மூட நாலு கை வேண்டும்,
விற்றவரும் தைத்தவரும் சொல்லாத சங்கதி.
வலது கொக்கியை மாட்டினால் இடது கழன்றது,
இடதுக்கு ஓடினால் வலது.
துணி என்னைத் தூக்கப் பார்த்தது.

பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தி
பிச்சிப்பூச் சாக்கை மைல்கல்லில் சாத்திவிட்டு
கேட்காமலே வந்து ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.
டக்.
"கூரை இருக்கத்தானே செய்யுது.
பின்ன எதுக்குக் கழத்தினே?"
பதிலுக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.

தோவாளை வரைக்கும் சாக்கு அவள் மடியில்.
இரட்டைத் தையலின் ஏதோ ஓர் ஊசித்துளை வழியே
அவள் தோளில் ஒரு சொட்டு.
வளைவு தாண்டி இன்னொன்று.
சொல்லலாமா என்று பார்த்தேன்.
அவள் சாக்கின் வாயை அவிழ்த்து
சொட்டுக்கு நேராய் நகர்த்திக்கொண்டாள்.
"நனையட்டும்" என்றாள்,
"வாடாம போய்ச் சேரும்."