ஜீரோ வைக்கிற பொத்தான்

மண்டபத்து நண்டுக் கம்பெனியில்
தட்டை வைத்ததும் ஜீரோ பொத்தானை அமுக்க வேண்டும்.
தட்டின் கனம் இல்லாமல் போய்விடும்.
உரித்த சதைக்கு மட்டும் கூலி.

பதினொன்றேகாலுக்கு மேஸ்திரி தேத்தண்ணிக்குப் போவார்.
செருப்பைக் கழற்றிவிட்டு
பெட்டி நிறுக்கும் பெரிய தராசில் ஏறுவோம்,
முதலில் ஜெனோவா, பிறகு நான்.
அவள் எழுபத்தெட்டு நானூறு.
நான் எண்பத்தொன்று.
கிராம் விடாமல் சொல்லிப் பழகிய வாய்.

தை மாதம் அவள் ராமநாதபுரம் போனாள்.
செல்போன் கடைக்கு மேலே மாடி,
கதவில் ஒரே பெண்ணின் இரண்டு படங்கள்:
முன்பு சேலையில், பின்பு சுடிதாரில்.
ஆறாயிரத்து எண்ணூறு, குழுவில் எடுத்த கடன்.
வெனிலா வாசத்தில் ஒரு டப்பா மாவு,
கரண்டி உள்ளேயே கிடந்தது.
காலை ஆறு மணிக்கு வாட்ஸப்பில் சூரியகாந்திப் பூ,
கீழே கோச் நிவாசினியின் கேள்வி:
இன்று எத்தனை டம்ளர் தண்ணீர்?
குடம் பத்து ரூபாய்க்கு வாங்குகிற தெருவில்
ஜெனோவா எண்ணிக் குடித்தாள்.

நான் யாருக்கும் பணம் கட்டவில்லை.
சோற்றை நிறுத்தினேன், அவ்வளவுதான்.
இட்லி இல்லை, சீனி இல்லை,
பக்கத்து வீட்டில் பனங்கிழங்கு அவிக்கும்போது
ஜன்னலைச் சாத்தினேன்.
சூடை மீன், முட்டை, தேங்காய்ச் சில்லு, முருங்கைக்கீரை.
"குழம்பை எதுல ஊத்தித் திம்பே?" என்றார் வீட்டுக்காரர்.
பதில் தெரியாமல் கிண்ணத்தோடு குடித்தேன்.
முதல் வாரம் தலைவலி. அடுத்த வாரம் கோபம்.
பிறகு பசியே என்னை மறந்துவிட்டது.

பங்குனியில் அவளுக்கு நாலு கிலோ இறக்கம்,
எனக்கு நூறு கிராம் குறைவாக நாலு.
காசைச் சொல்லிக் காட்டினேன்.
அவள் நண்டுக் காலை உடைத்துக்கொண்டே சொன்னாள்:
"மாவுக்கா குடுத்தேன்?
விடிஞ்சதும் ஒருத்தி என்னைக் கேக்குறாளே,
அதுக்குடி."
அவள் புருஷன் மஸ்கட்டில்.
நான் அதற்குமேல் பேசவில்லை.

அன்று பேக்கிங் பையனிடம்
டப்பா மேல் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன்.
மாவுச்சத்து பூஜ்யம், என்று வாசித்தான்.
எங்கோ ஒருத்தி இளைப்பதற்கு
நாங்கள் விரல் கிழிய உரித்துக்கொண்டிருந்தோம்.

சித்திரையில் தடைக்காலம்.
விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன.
வாரத்தில் மூன்று நாள்தான் வேலை.
சூடை இருநூறைத் தொட்டது, முட்டை ஏழு ரூபாய்.
ரேஷனில் இருபது கிலோ அரிசிக்கு விலையே இல்லை.
விலையில்லாததை எப்படி வேண்டாம் என்பது?
ஒரு மத்தியானம் ரசம் வைத்து
சட்டியோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.
ருசியாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஜெனோவா அடுத்த டப்பா வாங்கவில்லை.
எட்டு நாள் பூ வந்தது.
ஒன்பதாம் நாள் வரவில்லை.
அடியில் மிச்சமிருந்த மாவைப்
பாலில் கலந்து மகனுக்குக் கொடுத்தாள்.
இன்னும் இருக்கா என்று கேட்டானாம்.
கடன் தவணை மட்டும்
செவ்வாய்க்கிழமைதோறும் தவறாமல் விசாரித்தது.

வைகாசியில் ஒரு காலை, ஆறு மணி.
என் போன் சத்தம் போட்டது.
பூ இல்லை, படமில்லை.
"எத்தன டம்ளர் குடிச்ச?"
ஜெனோவா.
மூன்றுதான். எட்டு என்று அனுப்பினேன்.
மறுநாள் நான் முந்திக்கொண்டேன்.

நேற்று படகுகள் போயின, தட்டுகள் நிறைந்தன.
பதினொன்றேகாலுக்குத் தனித்தனியாக ஏறப் பயந்து
சேர்ந்தே ஏறினோம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.
நூற்றைம்பத்தாறரை.
யாருடையது எவ்வளவு என்று பிரிக்கவில்லை.
தேத்தண்ணி கிடைக்காமல் மேஸ்திரி சீக்கிரம் திரும்ப,
பதறிய ஜெனோவா கால் விரலால்
ஜீரோ பொத்தானை அமுக்கிவிட்டாள்.
இரண்டு பேர் நிற்கிறோம், தராசில் ஒன்றுமில்லை.
குதித்து இறங்கினோம்.
கழித்தல் குறியோடு நூற்றைம்பத்தாறரை
சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

"எவ தராசக் கெடுத்தது?" என்றார்.
வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு
நண்டை உரித்தோம்.